பெரிய சக்கர் மீன் வாழும் தொட்டிக்கு உயிர்ச்செடிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தொட்டியைத் துடைக்கும் மீன் என்று சொல்லி விரல் நீளத்தில் விற்கப்படும் சக்கர் மீன், ஓரடியைத் தாண்டி வளர்ந்த பிறகுதான் பலரும் செடிகளைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் இரண்டு மூன்று முறை செடி வாங்கி வைத்து, மறுநாள் காலையில் அவை வேரோடு மிதப்பதைப் பார்த்துவிட்டு, இந்த மீனோடு செடி வளர்க்கவே முடியாது என்ற முடிவுக்கும் வந்திருப்பார்கள். செடியும் சக்கரும் ஒரே தொட்டியில் இருக்க முடியும். வேலைகளைச் செய்யும் வரிசையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். புதியவர்கள் முதலில் வாங்கும் செடியைக் கடைசியில் வாங்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: குறைந்தது 6 வாரப் பொறுமை, செடிகளைத் தனியாக வைத்திருக்க 20 லிட்டர் வாளி ஒன்று, ஜெல் வகை சூப்பர் க்ளூ, மீன்பிடி நரம்பு, உள்ளங்கை அளவுக் கூழாங்கற்கள், பூச்சு இல்லாத சிறு மண் பூந்தொட்டிகள், ஒரு டார்ச் விளக்கு. டார்ச் எதற்கு என்பது 8ஆம் படியில் தெரியும்.

1. உங்களிடம் இருப்பது எந்த வகைக் கெளுத்தி என்று உறுதி செய்யுங்கள்

எல்லாப் பெரிய கெளுத்திகளும் செடிகளை ஒரே விதமாகக் கெடுப்பதில்லை. சுரண்டுபவை, தோண்டுபவை, மோதுபவை என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் செடித் தேர்வு எளிதாகிவிடும்.

நம் ஊர்க் கடைகளில் சக்கர் என்று விற்கப்படுவது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் இனத்தைச் சேர்ந்த, தென் அமெரிக்காவிலிருந்து வந்த கவச உடல் கெளுத்தி. முதுகுத் துடுப்பை அது விரிக்கும்போது மென்கதிர்களை, அதாவது துடுப்பைத் தாங்கும் மெல்லிய கம்பிபோன்ற கதிர்களை, எண்ணிப் பாருங்கள். பத்துக்கும் மேல் இருந்தால், துடுப்பு பாய்மரம்போல் அகலமாக விரிந்தால், அது இந்த இனம்தான். நல்ல தொட்டியில் 30 முதல் 45 செ.மீ. வரை வளரும், பத்தாண்டுகளைத் தாண்டியும் வாழும். இது சுரண்டும் வகை. தோண்டும் பழக்கமும் கொஞ்சம் உண்டு.

ரெட்டெயில் கேட்ஃபிஷ் எனப்படும் சிவப்பு வால் கெளுத்தியும் நம் ஆறுகளின் வாளையும் இலையைத் தின்பதில்லை. ஆனால் அந்த உடல் ஒருமுறை திரும்பினாலே நட்டது எல்லாம் பெயர்ந்துவிடும். சிவப்பு வால் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது, வாயில் அடங்கும் பொருளை விழுங்கிப் பார்க்கும் பழக்கமும் அதற்கு உண்டு. ஆகவே சிறு கல்லில் ஒட்டிய செடியை அதன் தொட்டியில் வைப்பது மீனுக்கே ஆபத்து. ஷார்க் என்ற பெயரில் விற்கப்படும் பங்காசியஸ் எளிதில் மிரண்டு கண்ணாடியில் போய் மோதும். இந்த மூன்றுக்கும் தொட்டிக்குள் செடி நடுவதை விட்டுவிட்டு, 5ஆம் படியில் வரும் மணி பிளான்ட் முறையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. இனிமேல் இங்கே சொல்லப்படுபவை முழுவதும் சக்கர் மீனை மனத்தில் கொண்டவை.

2. தொட்டியின் அளவையும் தண்ணீரையும் முதலில் சரிபாருங்கள்

ஓரடிக்கு மேல் வளர்ந்த சக்கருக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி, அதாவது ஏறத்தாழ 255 லிட்டர், தற்காலிக இருப்பிடம் மட்டுமே. 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 680 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில்தான் மீன் செடியை இடிக்காமல் திரும்ப முடியும். இங்கே உயரத்தைவிட அகலமே முக்கியம், ஏனென்றால் மீனின் நீளத்தைவிடத் தொட்டியின் அகலம் குறைவாக இருந்தால் அது ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வால் எதையாவது அடித்தே தீரும்.

தொட்டி குறைந்தது 6 வாரம் ஓடி, மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் நிற்க வேண்டும். சக்கர் மிக அதிகமாகக் கழிக்கும் மீன். நிலைபெறாத தொட்டியில் செடி வைத்தால், செடியும் வாடும், அழுகும் இலை தண்ணீரையும் கெடுக்கும்.

தண்ணீரின் தன்மையையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரின் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள உப்புகளின் அளவு, 1000ஐத் தாண்டுகிறது. சக்கர் இதைத் தாங்கிக்கொள்ளும், வாலிஸ்னேரியா என்ற நாடா இலைச் செடி இதில் செழிக்கவும் செய்யும், ஆனால் உப்புக் குறைந்த மென்னீர் கேட்கும் செடிகள் தாங்கா. குழாய் நீராக இருந்தால் குளோரினை நீக்கிய பிறகே தொட்டியில் விடுங்கள். கோடையில் தண்ணீரின் வெப்பம் எத்தனை பாகை ஏறுகிறது என்பதையும் குறித்து வையுங்கள். மே மாதத்தில் 31, 32 பாகை காட்டும் வீட்டில் மாஸ் எனப்படும் அலங்காரப் பாசி வகைகளையும் போல்பிட்டிஸ் என்ற பெரணியையும் வாங்குவது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

3. கல்லும் மரமும் மணலும் செடிக்கு முன்பே அமைய வேண்டும்

இயற்கையில் இந்த மீனின் ஆண்கள் ஆற்றங்கரை மண்ணில் நீண்ட வளை தோண்டி, அதற்குள் முட்டைகளைக் காக்கின்றன. அந்தக் குணம் தொட்டியிலும் போவதில்லை. கல்லுக்கு அடியிலும் மரத்துக்கு அடியிலும் மணலை அள்ளிக் குழி செய்யும்.

ஆகவே பெரிய கற்களை மணலின் மேல் வைக்காதீர்கள். முதலில் காலித் தொட்டியின் அடிக் கண்ணாடிமேல் மெல்லிய தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் வலையோ விரித்து, அதன்மேல் கல்லை அமர்த்தி, பிறகு சுற்றிலும் மணலைக் கொட்டுங்கள். மணலின் மேல் அமர்ந்த கல், மீன் அடியில் தோண்டியவுடன் சரிந்து கண்ணாடியை உடைக்கும். உடையாவிட்டால் செடியின் மேல் விழும்.

மரக்கட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது மீன் முழுவதும் நுழையும்படி ஒரு குகை அமைகிறதா என்று பாருங்கள். பகலில் ஒளிய இடம் இல்லாத சக்கர் செடிக்கூட்டத்துக்குள்தான் உடலைத் திணிக்கும். கடையில் வாங்கும் டிரிஃப்ட்வுட் கிடைக்காவிட்டால் நன்றாகக் காய்ந்து பட்டை உரிந்த கொய்யாக் கட்டை போதும். அரளியையும் பால் வடியும் மரங்களையும் தொடவே வேண்டாம். எந்தக் கட்டையாக இருந்தாலும் தானாக மூழ்கும்வரை ஊறவையுங்கள். மிதக்கும் கட்டையில் செடி ஒட்டினால் இரண்டும் சேர்ந்து மேலே வரும்.

மணல் 5 செ.மீ. ஆழம் இருந்தால் போதும். செடிக்கென்று விற்கும் ஊட்டச்சத்து மண்ணையோ, தோட்டத்து மண்ணையோ அடியில் இடாதீர்கள். செடி மட்டும் உள்ள தொட்டியில் அது நன்மை செய்யும். தோண்டும் மீன் உள்ள தொட்டியில் ஒரே இரவில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும்.

4. செடி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே உணவு முறையை மாற்றுங்கள்

பசியோடு இருக்கும் சக்கரின் முன் எந்தச் செடியும் பாதுகாப்பானதல்ல. தொட்டியின் பாசியே போதும் என்று எதுவும் போடாமல் விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஓரடி மீனுக்கு ஒரு தொட்டியின் பாசி ஒரு நாளைக்குக்கூடக் காணாது.

விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து உணவு கொடுங்கள், ஏனென்றால் இது இரவில் மேயும் மீன். பகலில் போடும் உணவை மற்ற மீன்கள் தின்றுவிடும். வெள்ளரிக்காய், சுரைக்காய், பூசணி ஆகியவற்றில் ஒன்றைக் கட்டைவிரல் கனத்துக்கு வெட்டி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, ஸ்டெயின்லெஸ் கரண்டியில் குத்தி மூழ்க வையுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மூழ்கும் வேஃபர் எனப்படும் வட்டுவடிவ உணவு போதும். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வெயில் நாளில் மதியத்துக்குள் நாற்றம் எடுக்கும்.

எங்கள் வீட்டுச் சக்கர் இரண்டாம் வாரத்திலேயே விளக்கு அணைந்ததும் கரண்டி வைக்கும் மூலைக்கு வந்து காத்திருக்கத் தொடங்கியது. அந்தப் பழக்கம் வந்த பிறகே செடியைப் பற்றி யோசியுங்கள். உணவு வைக்கும் மூலைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் பின்னர் செடிகளை வைக்கப் போகிறோம்.

5. செடியைத் தேர்ந்தெடுத்தல்

சக்கரின் வாய் கீழ்நோக்கிய உறிஞ்சு வாய். அது இலையைக் கடித்துத் துண்டாக்குவதில்லை. இலையின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, அங்கே படிந்த மெல்லிய பாசிப் படலத்தைச் சிறு பற்களால் சுரண்டுகிறது. இலை மென்மையாக இருந்தால் படலத்தோடு இலையின் தோலும் போய்விடும். ஆகவே செடியைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இலை விரலுக்குத் தோல்போல் தடிப்பாக இருக்கிறதா? அந்தச் செடிக்கு மணலில் வேர் பிடிக்க வேண்டிய தேவை இருக்கிறதா? குறைந்த வெளிச்சத்தில் அது வாழுமா? மூன்றாவது கேள்வி ஏன் என்றால், வெளிச்சம் கூடினால் இலைமேல் பாசி கூடும், பாசி கூடினால் சக்கர் அந்த இலைக்கே திரும்பத் திரும்ப வரும்.

இந்த மூன்றிலும் தேறும் முதல் செடி அனுபியாஸ். தடித்த, மெழுகு பூசியதுபோன்ற இலை; கிடைமட்டத் தண்டு; கட்டையிலோ கல்லிலோ ஒட்டி வளரும் குணம். இது சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேப்பங்கிழங்கையும் கருணையையும் சரியாக வேகவைக்காமல் தின்றால் தொண்டை அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இந்தக் குடும்பத்துச் செடிகளில் பரவலாக உண்டு. மீன்கள் அனுபியாஸை அதிகம் தொடாததற்கு இலையின் தடிப்போடு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நானா என்ற குட்டை வகையைவிட பார்ட்டெரி என்ற பெரிய வகையை வாங்குங்கள். பெரிய மீனின் அருகில் குட்டைச் செடி கண்ணுக்கும் தெரியாது, ஓர் அடிக்கும் தாங்காது.

அடுத்தது ஜாவா ஃபெர்ன். இதன் இலை அனுபியாஸ் அளவுக்குத் தடிப்பில்லை என்றாலும் மீன்களுக்குப் பிடிப்பதில்லை. இதையும் மணலில் புதைக்கக் கூடாது. முதிர்ந்த இலையின் அடியில் குட்டிச் செடிகள் முளைப்பதால், சக்கர் ஓர் இலையைக் கெடுத்தாலும் செடி தன்னைத்தானே ஈடுகட்டிக்கொள்ளும். என் அனுபவத்தில் வெறும் ஒரே ஒரு வகை வாங்கப் பணம் இருந்தால் வாங்க வேண்டியது இதுதான்.

மணலில் நடும் செடிதான் வேண்டும் என்றால் வாலிஸ்னேரியாவின் பெரிய வகை, கிரைனம், கிரிப்டோகோரைன் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாலிஸ்னேரியா நம் ஊர்க் குளங்களிலும் வளரும் நாடா இலைச் செடி. கடின நீரை விரும்பும். ஓடுதண்டு விட்டுப் பரவி, வேர்கள் பின்னிக்கொண்ட பிறகு சக்கராலும் எளிதில் பெயர்க்க முடியாது. பரவும்வரை காப்பதுதான் சிக்கல். கிரைனம் வெங்காயம்போன்ற கிழங்கிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் நீளும் வார் இலை விடும். நம் ஊர் விஷமூங்கிலின் உறவு. மீன்கள் சீண்டுவது அரிது. கிரிப்டோகோரைன் வெண்டிட்டி இலங்கையின் ஓடைகளுக்கே உரிய செடி. அதுவும் சேம்புக் குடும்பம்தான். ஆனால் அதன் வேரை ஒருமுறை அசைத்தாலே இலை முழுவதும் கூழாகிக் கரைந்துவிடும். தோண்டும் பழக்கம் உள்ள மீனோடு அதை மண் தொட்டியில் மட்டுமே வையுங்கள்.

வாங்கவே கூடாதவற்றில் முதலிடம் அமேசான் வாளிலைச் செடிக்கு. மீனும் அமேசானைச் சேர்ந்தது, செடியும் அமேசானைச் சேர்ந்தது, ஆகவே பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி நானும் பெரிய செடி ஒன்றை வாங்கி வந்தேன். நான்காம் நாள் காலை ஐந்து இலைகளில் நரம்பு மட்டும் நின்றது. அரச இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சதையை நீக்கிப் புத்தகத்துக்குள் வைப்போமே, அப்படியே இருந்தது. அகலமான மென்மையான இலை என்பது சக்கருக்குத் தட்டில் வைத்த சாப்பாடு. கபோம்பா, ரொட்டாலா, லுட்விஜியா போன்ற தண்டுச் செடிகள் வேர் பிடிக்கும் முன்பே பெயர்ந்துவிடும். தரையில் படரும் புல்வகைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இனி நீருக்கு மேலே. மணி பிளான்டின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிடுவது, பெரிய கெளுத்தி வளர்ப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த செடி என்று நான் தயங்காமல் சொல்வேன். இலை காற்றில் இருப்பதால் கரியமில வாயுவுக்கு அதற்குப் பஞ்சமில்லை. வேகமாக வளர்கிறது, வேகமாக வளர்வதால் மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டை வேகமாக இழுக்கிறது. இலை நீருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் அழுகும், அதிலும் ஆக்சலேட் உண்டு. மேலே தொங்கும் வடிகட்டியின் பெட்டிக்குள் வேரை வைத்தால் மீனின் வாய்க்கு எட்டாது.

மிதக்கும் செடிகளில் ஆகாயத்தாமரை எனப்படும் பிஸ்டியாவும் சால்வினியாவும் நிழல் தரும், பகலில் மீனின் பயத்தைக் குறைக்கும். ஆனால் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூட விடாதீர்கள். வெப்பம் கூடி ஆக்சிஜன் குறையும்போது சக்கர் மேலே வந்து காற்றை விழுங்கும் இயல்புடையது. அதற்கு வழி வேண்டும். கீழே உள்ள செடிகளுக்கு வெளிச்சமும் வேண்டும்.

6. வாங்கிய செடியை நேரே தொட்டியில் போடாதீர்கள்

புதியவர்கள் தவிர்க்கும் படி இது. தோல்விகளில் பெரும்பகுதிக்குக் காரணமும் இதுதான்.

பண்ணைகளில் அனுபியாஸையும் கிரிப்டோகோரைனையும் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை நீருக்குள் வந்தால் நிலைக்காது. அது மெல்லப் பழுத்து உதிர, நீருக்கேற்ற புதிய இலை வர, 3 முதல் 5 வாரம் ஆகும். செடியின் இலை மிகவும் மென்மையாக இருக்கும் இந்தக் காலத்தில்தான் நாம் அதைச் சக்கரின் முன்னால் வைக்கிறோம். பிறகு மீனைக் குறை சொல்கிறோம்.

வாளியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, சன்னலோர வெளிச்சத்தில் வைத்து, சிறிய ஏர் பம்ப் ஓடவிட்டு, வாரம் இருமுறை தண்ணீரை மாற்றி, புதிய இலை இரண்டாவது விரியும்வரை செடியை அங்கேயே விடுங்கள். நேரடி வெயில் படக் கூடாது. செடியோடு வரும் பூச்சிமருந்து எச்சம் இந்த நாட்களில் கழுவப்பட்டுப் போகும்; நத்தை முட்டைகளும் பொரித்துக் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கடையில் செடியை எடுக்கும்போது இலையைவிடத் தண்டைப் பாருங்கள். அனுபியாஸின் தண்டை விரலால் அழுத்தினால் இஞ்சிபோல் கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினால், முகர்ந்து பார்த்து அழுகல் வாடை அடித்தால், இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். சென்னைக் கொளத்தூர் போன்ற பெரிய வண்ணமீன் சந்தைக்குப் போகிறவர்கள் மீன் வாங்கும் முன் செடி வாங்கிவிடுவது நல்லது. மீன் பையைக் கையில் பிடித்தவுடன் வீடு திரும்பும் அவசரம் வந்துவிடும், தண்டை யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை.

7. வாளியில் இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள்

செடி வாளிக்கு வந்த முதல் நாளே அதைக் கல்லிலோ கட்டையிலோ ஒட்டி, ஒட்டியபடியே வாளியில் வளரவிடுங்கள். 5, 6 வாரத்தில் வேர்கள் தாமாகவே பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கல்லோடு சேர்த்துத் தொட்டிக்குள் இறக்கினால், சக்கர் இழுப்பது ஒரு செடியை அல்ல, இரண்டு கிலோக் கல்லை.

ஒட்டும் முறை: தண்டின் அடிப்பகுதியையும் கல்லின் பரப்பையும் துணியால் ஈரம் போக ஒற்றுங்கள். ஜெல் பசையைப் பட்டாணி அளவில் இரண்டு இடங்களில் வைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தண்டு முழுவதும் பசையைப் பூசினால் வேர் வெளிவர இடமிருக்காது. சயனோஅக்ரிலேட் வகைப் பசை உறைந்த பிறகு மீனுக்குக் கேடில்லை. தண்ணீர் பட்டதும் வெள்ளையாக மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீர்போல் ஓடும் பசையைவிட ஜெல் நல்லது, ஏனென்றால் ஓடும் பசை இலைக்காம்புவரை வழிந்து அதைக் கருக்கிவிடும்.

கட்டித்தான் வைப்பேன் என்றால் பருத்தி நூலைத் தவிருங்கள். வேர் பிடிப்பதற்குள் அது இற்றுவிடும். மீன்பிடி நரம்பால் இறுக்கிக் கட்டி, முனைகளை ஒட்ட வெட்டுங்கள். தொங்கும் நரம்பிலும் வலையிலும் சக்கரின் பக்கத் துடுப்பு முள் சிக்கிக்கொண்டால் விடுவிப்பது பெரும்பாடு.

மணலில் நடும் மூன்று செடிகளை மண் தொட்டியில் நடுங்கள். அடியில் வேர் உரக் குளிகை ஒன்று, அதன்மேல் மணல், பிறகு செடி, கடைசியாக மேற்பரப்பு முழுவதும் கூழாங்கல். அந்தக் கல் மீனின் வாய்க்கு உள்ளே போகாத அளவில் இருக்க வேண்டும், செடியின் அடியைச் சுற்றி நெருக்கமாக அடுக்க வேண்டும். கிரைனம் கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியட்டும். முழுவதும் புதைத்தால் அழுகும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றின் தண்டையும் புதைக்கக் கூடாது என்பதை மறுபடியும் சொல்கிறேன். இரண்டே மாதத்தில் செடி செத்துவிட்டது என்று என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்திருப்பார்கள்.

8. முதலில் ஒரே ஒரு செடி, ஒரு வாரம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். ஒரு ஜாவா ஃபெர்ன் கல்லை மட்டும் உணவு மூலைக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்து, 7 நாள் கவனியுங்கள். சக்கர் மீன்களுக்குள்ளும் தனித்தனிக் குணம் உண்டு. ஒன்று தொடவே தொடாது, இன்னொன்று ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இரவு விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு பாருங்கள். வெள்ளை ஒளி பட்டால் மீன் ஒளிந்துகொள்ளும். அது இலைமேல் சிறிது நேரம் ஒட்டியிருந்துவிட்டு நகர்ந்தால் பாசியைச் சுரண்டுகிறது என்று பொருள். ஒரே இலையில் பத்து நிமிடம் தலையை ஆட்டிக்கொண்டு நின்றால் பசி. 4ஆம் படிக்குத் திரும்பி உணவைக் கூட்டுங்கள். எதையும் சுரண்டாமல் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தால், நீங்கள் அதன் வழக்கமான பாதையில் செடியை வைத்திருக்கிறீர்கள். ஒரு சாண் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்த வாரம் நல்லபடியாகக் கழிந்தால், வாரத்துக்கு இரண்டு வீதம் மற்றவற்றை இறக்குங்கள். அனுபியாஸை மரக்கட்டையின் நிழலிலும், மண் தொட்டிகளைப் பின்மூலைகளிலும் வையுங்கள். கண்ணாடிக்கும் செடிக்கும் இடையே மீன் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும், அல்லது அறவே இடைவெளி இருக்கக் கூடாது. அரைகுறை இடைவெளியில் நுழைந்து மாட்டிக்கொள்ளும்போதுதான் மீன் பலத்தைக் காட்டும்.

9. வெளிச்சமும் உரமும்

நாளுக்கு 6 முதல் 7 மணி நேர வெளிச்சம் போதும். இலையில் பச்சைப் புள்ளிகள் படியத் தொடங்கினால் ஒரு மணி நேரத்தைக் குறையுங்கள்.

நைட்ரஜனும் பாஸ்பரஸும் மீனின் கழிவிலிருந்தே மிகுதியாகக் கிடைப்பதால் அவை கலந்த உரம் தேவையில்லை. குறைவது பொட்டாசியமும் இரும்பும். அவை உள்ள திரவ உரத்தைப் புட்டியில் சொன்ன அளவில் பாதி, வாரம் ஒருமுறை, தண்ணீர் மாற்றிய பின் விடுங்கள். திரவக் கார்பன் என்று விற்கப்படும் குளூட்டரால்டிஹைடு வாலிஸ்னேரியாவைக் கரைத்துவிடும். இந்தத் தொட்டிக்கு அது வேண்டாம். மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து கொடுக்க நேர்ந்தால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் கொடுங்கள்.

வாரம் ஒருமுறை 30 முதல் 40 விழுக்காடு தண்ணீரை மாற்றுவது நிற்கவே கூடாது. செடி இருக்கிறதே என்று தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுபவர்கள், அனுபியாஸ் மாதத்துக்கு ஒன்றிரண்டு இலைதான் விடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த வேகத்தில் அது ஓரடிச் சக்கரின் கழிவை எங்கே உண்பது?

10. இலை கெட்டால், யார் காரணம் என்று படியுங்கள்

எல்லா ஓட்டைக்கும் மீன் காரணமல்ல. கெட்ட இலை ஒன்றைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மேல்தோல் போய், நடுவில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, ஓரம் பச்சையாகவே இருந்தால் அது சுரண்டல். ஊசி முனை அளவுத் துளைகள் பழைய இலைகளில் முதலில் தோன்றி, ஒவ்வொரு துளையையும் சுற்றி மஞ்சளோ பழுப்போ வளையமிட்டிருந்தால் அது பொட்டாசியக் குறை. புதிய இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. ஜாவா ஃபெர்னின் முதிர்ந்த இலையில் வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது நோயே அல்ல, வித்துத் திரள். அதைப் பார்த்துச் செடியை வெட்டி எறிந்தவர்களை நான் அறிவேன்.

சுரண்டப்பட்ட இலையை அடிக்காம்போடு வெட்டிவிடுங்கள். காயம்பட்ட இலை அழுகும், அழுகும் இலை மென்மையாகும், சக்கர் மறுபடியும் அங்கேதான் வரும். ஒரே செடியில் மாதம் மூன்று இலைக்கு மேல் போனால், அந்தச் செடியை வாளிக்குத் திருப்பி எடுத்து ஓய்வு கொடுங்கள். நான் எப்போதும் இரண்டு கல் ஜாவா ஃபெர்னை வாளியில் உபரியாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

11. வெட்டியதை எங்கே போடுவது

வாலிஸ்னேரியாவின் இலை நீர்ப்பரப்பில் மடிந்து கிடந்தால் கத்தரிக்கலாம். வெட்டிய முனை பழுப்பாகும், அதனால் குறையொன்றும் இல்லை. மணி பிளான்டின் வேர் பந்துபோல் அடர்ந்து வடிகட்டியை அடைக்கும் முன் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். மிதக்கும் செடியை வாரந்தோறும் ஒரு கைப்பிடி அள்ளுங்கள்.

அள்ளியதைச் சாக்கடையிலோ ஏரியிலோ கொட்டாதீர்கள். வெயிலில் விரித்து முழுவதும் காயவைத்து, பூந்தொட்டிக்கு எருவாக்குங்கள். ஆகாயத்தாமரையும் சால்வினியாவும் ஒரு குளத்தை எப்படி மூடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. மீனுக்கும் இதே விதிதான். தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று விடப்பட்ட சக்கர்கள் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம் எனப் பல மாநிலங்களின் நீர்நிலைகளில் இன்று பெருகிக் கிடக்கின்றன. மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன, கரையைத் தோண்டுகின்றன. வளர்க்க முடியாத நிலை வந்தால், வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். எடுத்துச் செல்லும்போது வலையில் பிடிக்காமல், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியைத் தண்ணீருக்குள் சாய்த்து, ஈரத் துணி சுற்றிய கையால் மீனை அதற்குள் தள்ளுங்கள். துடுப்பு முள் வலையில் சிக்கினால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.